பறிகொடுத்த மலையிலேயே பிடித்தார்!

இத்தாலியில் பினெஸ்த்ரே என்றொரு கணவாய். சூசா ஊரிலிருந்து 18½ கிலோ மீட்டர் ஏற்றம். உச்சி 2,178 மீட்டர். நூறு மீட்டர் போவதற்குள் ஒன்பது மீட்டர் உயரும் சாலை. அது போதாதென்று கடைசி 8 கிலோ மீட்டருக்குத் தாரே கிடையாது. வெறும் மண்ணும் சரளைக்கல்லும்தான். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்து மிதித்தால் தொடை கெஞ்சும்.

மூன்று வாரம் நடக்கும் இத்தாலி சைக்கிள் பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கு ரோஸ் நிற பனியன். 2018 மே மாதம் அந்தப் பனியனோடு இந்த மலைக்கு வந்தார் இங்கிலாந்து வீரர் சைமன் யேட்ஸ். ஏற்றம் தொடங்கியதும் ஆள் அம்பேல்! அன்று ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். அதே மண் சாலையில் பிய்த்துக்கொண்டு போன கிறிஸ் புரூம், 80 கிலோ மீட்டர் தனியாளாக மிதித்துப் பனியனைத் தட்டிச் சென்றார். பந்தயமும் அவருக்கே.

ஏழு வருஷம் போனது. 2025 மே 31. பந்தயம் முடிய ஒரே நாள் பாக்கி. மறுபடி அதே மலை. யேட்ஸ் மூன்றாம் இடம். முதலில் இருந்த மெக்சிகோ இளைஞர் டெல் டோரோவுக்கு 1 நிமிடம் 21 வினாடி பின்னால். நடுவில் ஈக்வடார் வீரர் கராபஸ்.

யேட்ஸ் பாய்ந்தார். மற்ற இருவரும் என்ன செய்தார்கள்? "நீ துரத்து" என்று இவர் பார்க்க, "நீயே துரத்து" என்று அவர் பார்க்க, யேட்ஸ் கண்ணுக்கே தெரியவில்லை! அப்பத்துக்குச் சண்டை போட்ட பூனைகள் கதைதான். ஒரு வித்தியாசம், யேட்ஸ் குரங்கு வேலை எதுவும் செய்யவில்லை. மிதித்துச் சம்பாதித்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் அவருடைய அணிக்காரர் வான் ஆர்ட் காத்திருந்தார். முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டு யேட்சை இழுத்துப் போனார். அன்று மாலை யேட்சுக்கு 3 நிமிடம் 56 வினாடி முன்னிலை! மறுநாள் ரோமில் கோப்பை.

தோற்ற இடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்தான் உலகத்தில் அதிகம். யேட்ஸ் அங்கேயே திரும்பிப் போனார். தன் பலம் பாதி, தோழன் கொடுத்த தோள் மீதி. எதிராளியின் வீம்பு இனாம்!

சரளைக்கல் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஏறியவர்தான் மாறியிருந்தார்.