தானே நடக்கும் என்னும் நம்பிக்கை

யூஎஸ்பி வன்தட்டைச் செருகி, தானாகப் படியெடுக்கும் ஏற்பாட்டையும் செய்துவிட்டால் இனிக் கவலையில்லை என்று நண்பர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். அந்த நிம்மதியை நான் நம்புவதில்லை. இரவு 2 மணிக்குப் படியெடுக்கக் கட்டளையிட்டுவிட்டு, மாலை 5 மணிக்கே மெயின் சுவிட்சை அணைத்துச் செல்வோர் நாம்! அணைந்து கிடக்கும் இயந்திரம் எதைப் படியெடுக்கும்?

இன்னொரு கோளாறு நுட்பமானது. விண்டோஸ் அந்த வன்தட்டுக்கு ‘இ’ என்ற எழுத்தை வழங்கியிருக்கும். அதைக் கழற்றியிருக்கும் நேரத்தில் யாரோ செருகிய பென்டிரைவ் அவ்வெழுத்தைப் பிடித்துக்கொண்டால், திரும்ப வரும் வன்தட்டு ‘எஃப்’ ஆகிவிடும். மென்பொருளோ பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் ‘எக்ஸ்’ போன்ற கடைசி எழுத்தொன்றைக் கொடுத்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும். ஃபாட்32 முறையில் அமைந்த வன்தட்டு, 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

எப்போதும் செருகியே வைப்பதும் தவறு. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, இணைத்திருந்த வன்தட்டுகளின் கோப்புகளையும் பூட்டிவிட்டது.

களப்பணியில் பதிவுசெய்த ஒப்பாரி போய்விட்டால், பாடிய மூதாட்டி மறைந்தபின் யாரிடம் கேட்பது? ஆதலால் துறைதோறும் மாணவர் இருவர், மாதம் ஒருமுறை, படியிலிருந்து ஒரு கோப்பை வேறு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும் என்பேன். கால்மணி நேர வேலைதான். பேராசிரியர்கள் அனுமதித்தால் இப்பருவத்திலேயே தொடங்கலாம்.