பாம்பன் பாலமும் வாய்ப்பூட்டும்

பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்கிற எந்த இடமானாலும் சரி, அது ரயில்வேயோ, மில்லோ, தாலுக்கா ஆபீஸோ, அங்கே ஒரு விசித்திரத்தைக் காணலாம். மேலே இருப்பவருக்குக் காது கிடையாது. கீழே இருப்பவனுக்கு வாய் கிடையாது. மேலே இருப்பவர் சொன்னது வேதவாக்கு. கீழே இருப்பவன் தப்பைத் தப்பு என்று சொன்னால் அது அடங்காத்தனம். இதனால் கெட்டுப்போகிற காரியங்களுக்கெல்லாம் கடைசியில் "விதி" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இது சரியல்ல என்பதற்கு நமது இராமநாதபுரம் ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது. 1914-ம் வருஷம் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைத்தான் சொல்லுகிறோம். 1964-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கே போய்க்கொண்டிருந்த ரயில் வண்டி ஜனங்களோடு கடலில் மூழ்கியது. பாவம் தீர்க்கும் என்று சொல்லப்பட்ட அந்தக் கடல், குளிக்க வந்தவன் என்றும் பார்க்கவில்லை, மீன் பிடிக்க வந்தவன் என்றும் பார்க்கவில்லை. பாலத்தின் உத்திரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

பாலத்தைச் சரிப்படுத்த ரயில்வேயார் 6 மாதம் தவணை போட்டார்கள். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற என்ஜினீயர் திரு. ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். இது எந்த மந்திரத்தினால் நடந்தது? உத்திரங்கள் வெகு தூரத்தில் கடலடியில் கிடக்கின்றன என்ற செய்தி மீன் பிடிப்பவர் வாயிலிருந்து வந்தது. அதைக் காதில் வாங்கி, கிடந்தவற்றை மேலே எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். அந்தப் பாலம் 2022 டிசம்பர் வரை வண்டிகளைத் தாங்கிற்று.

என்ஜினீயர் படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பாக் ஜலசந்தியின் அடித்தளம் எந்தப் பரீட்சைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? "நீ என்ன ஜாதி, உனக்கு என்ன சம்பளம்" என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் காது கொடுப்பதாயிருந்தால், 46 நாளில் அந்த வேலை முடிந்திருக்குமா? அதேபோல, கீழே இருப்பவன் சொல்வதெல்லாம் சரி என்பதும் நமது கக்ஷியல்ல. யார் சொன்னாலும் கேள், கேட்டதைச் சோதித்துப் பார் என்பதுதான் பகுத்தறிவு.

இன்னொரு சங்கதி. ரயில் பாதைகளைப் பரிசோதிக்கும் அதிகாரிகளை 1941-ம் வருஷத்தில் ரயில்வே போர்டின் பிடியிலிருந்து பிரித்தார்கள். இன்றைக்கு அந்தக் கமிஷனர் விமானப் போக்குவரத்து இலாகாவைச் சேர்ந்தவர். ரயிலைச் சோதிப்பவருக்கு விமான இலாகாவில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். சம்பளம் போடுகிற கையைப் பார்த்துக் குற்றம் சொல்ல எவனுக்கும் நா எழாது என்பது தெரிந்தே செய்த ஏற்பாடு அது. புதிய பாம்பன் பாலத்தை 2024 நவம்பரில் சோதித்த கமிஷனர், வண்டி விட அனுமதித்ததோடு, துரு முதலான குறைகளையும் பச்சையாக எழுதிவைத்தார். ரயில்வேயார் சமாதானம் சொன்னார்கள். ஆராய ஒரு கமிட்டியும் போட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி ராமநவமியன்று பாலத்தைத் திறந்தார்கள். நல்ல நாளில் திறந்த இரும்பு துருப்பிடிக்காதா? அதைக் காப்பது பெயிண்டும் ஓயாத சோதனையும், குறையைக் கண்டவுடன் வாய்விட்டுச் சொல்லும் மனிதனுமே.

ஆனால் நம் ஆபீஸுகளில் நடப்பதென்ன? "நம்மவன்" என்று ஜாதி பார்த்துக் கூட்டம் சேருகிறான். கூட்டத்துக்கு ஒரு கோள் சொல்லி. தன் ஆள் தப்புச் செய்தால் மூடுகிறான். மற்றவன் செய்தால் ஊதுகிறான். வருஷத்தில் ஒரு நாள் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசுகிறான். அதன் ஆணி கழன்றிருப்பதைச் சொன்னவனை விரோதியாக எண்ணுகிறான். தொழிலாளர் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. முதலாளியை எதிர்த்து முழங்கும் காரியதரிசி, அங்கத்தினன் கணக்குக் கேட்டால் ஜமீன்தாராகிவிடுகிறார்.

தோழர்களே! மேலே இருப்பவர் நல்லவராக வாய்ப்பார் என்று காத்திருப்பதும் கடவுளுக்குக் காத்திருப்பதும் ஒன்றே. குறை சொன்னவனுக்கு வேலை போகாது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். கணக்கையும் குறையையும் ஜாதிக் கூட்டத்தாரல்லாத வெளியார் சோதிக்கட்டும். இதை முதலில் உங்கள் சங்கத்தில் செய்து காட்டிவிட்டுப் பிறகு முதலாளியிடம் கேளுங்கள். மனிதன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டு இரும்பைக் கும்பிட்டால், இரும்பு யாரையும் காப்பாற்றாது.