ஆப்பிள் விளைவிப்பவன் மட்டும் ஏன் சூதாட வேண்டும்?

காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது நாலு ஆப்பிள் வாங்கிப் போவது நம் வழக்கம். கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டதும், இதை விளைவிப்பவன் மாளிகை கட்டியிருப்பான் என்று நினைக்கிறோம். மாளிகை கட்டிய பெரிய தோட்டக்காரர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. ஆனால் ஹிமாசலப் பிரதேசத்து விவசாயிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் 5 ஏக்கருக்கு உட்பட்ட நிலம் வைத்திருப்பவர்கள். சிம்லா, குலு, கின்னோர் மலைச்சரிவுகளில் குடும்பத்தோடு மரத்தடியில் பாடுபடுகிறவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் தலையில் விழும் ஆபத்துக்களைப் பாருங்கள். நெல் பொய்த்தால் அடுத்த போகத்தை நம்பலாம். பழைய ரக ஆப்பிள் மரமோ நட்டு ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் சரியாகக் காய்க்கும். மார்கழி, தை மாதங்களில் போதுமான குளிர் விழாவிட்டால் பூ பிடிக்காது. பூத்த பிறகு ஆலங்கட்டி மழை பெய்தால் அரை மணி நேரத்தில் ஒரு வருஷத்துச் சோறு போய்விடும். காஷ்மீரில் 2019 நவம்பர் 7-ந் தேதி அகாலமாய்க் கொட்டிய பனி பழத்தோடு நிற்கவில்லை. மரங்களையே கிளை கிளையாக முறித்துப் போட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் பெருமழையில் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை உடைந்து, வாரக்கணக்கில் லாரிகள் நகரவில்லை. ஏற்றிய பழம் லாரியிலேயே அழுகியது.

இது இயற்கையின் குற்றம் என்பார்கள். இருக்கட்டும். விலையை யார் அழுக வைத்தது?

பறித்த பழத்தை வைத்திருக்க விவசாயியிடம் இடம் இல்லை. மருந்துக்கும் உரத்துக்கும் கமிஷன் மண்டிக்காரனிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான். ஆகவே பழமும் அதே மண்டிக்குத்தான் போக வேண்டும். ஆவணியில் தொடங்கி இரண்டு மூன்று மாதத்துக்குள் எல்லோருடைய சரக்கும் ஒன்றாக வந்து குவிகிறது. அந்த நேரத்தில் விலை சொல்கிறவன் கிடங்கு வைத்திருப்பவன்! பிராணவாயுவைக் குறைத்துப் பழத்தை மாதக்கணக்கில் வாடாமல் வைக்கும் கிடங்குகளைப் பெரும் கம்பெனிகள் கட்டியிருக்கின்றன. பங்குனி, சித்திரையில் சரக்கு அருகும்போது அவை வெளியே எடுக்கும். அப்படி ஒரு கம்பெனி 2020-ல் முதல் தரப் பழத்துக்குக் கிலோ 88 ரூபாய் என்று விலை திறந்தது. 2021-ல் 72 ரூபாய் என்றது. உரம், மருந்து, அட்டைப் பெட்டி விலை அந்த வருஷம் குறையவில்லை.

அட்டைப் பெட்டியின் கதையை மில் தொழிலாளர்கள் கேட்க வேண்டும். பெட்டி ஒன்றுக்கு இருபது, இருபத்திநாலு கிலோ என்பது பேச்சு. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து உயரக்கூடிய பெட்டி அது. இழுத்து உயர்த்தி இன்னும் ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு வைத்தால் முப்பது கிலோ வரை போகும். விலையோ பெட்டிக்குத்தான், எடைக்கு அல்ல! எட்டு மணி நேரக் கூலிக்குப் பத்து மணி நேரம் வேலை வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வருஷக்கணக்காகக் கூச்சல் போட்ட பிறகு, 2024 பருவத்தில்தான் உயர்த்த முடியாத ஒரே அளவுப் பெட்டியை மாநில சர்க்கார் கட்டாயமாக்கியது.

குறைந்தபட்ச ஆதார விலைப் பட்டியலில் ஆப்பிள் கிடையாது. சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் அடிபட்ட, மட்டமான பழத்தை மட்டும் சர்க்கார் வாங்கும். 2023-ல் அதற்கு ஹிமாசலத்தில் கிலோவுக்கு 12 ரூபாய். அதுவும் கையில் உடனே கிடைப்பதில்லை. பணத்துக்குப் பதில் உரமும் மருந்தும் கொடுத்துக் கணக்கு முடித்ததாகப் புகார் உண்டு. இந்தத் திட்டத்தின் செலவில் பாதியை ஏற்க வேண்டிய மத்திய சர்க்கார் 2023-24 பட்ஜெட்டில் தேசம் முழுவதற்கும் ஒதுக்கிய தொகை 1 லட்சம் ரூபாய். ஆம், லட்சம்தான், கோடி அல்ல.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். வானிலையை வைத்துக் கொடுக்கும் இன்ஷூரன்ஸில் அளவு எடுப்பது எங்கோ இருக்கும் கருவி. மலையில் ஒரு சரிவில் ஆலங்கட்டி விழும், அடுத்த சரிவில் வெயில் அடிக்கும். கருவி வெயிலில் நின்றால் விவசாயிக்கு என்ன கிடைக்கும்? பிரீமியம் கட்டிய ரசீதுதான்.

இதில் விவசாயத் தொழிலாளியின் பங்கும் இருக்கிறது. பழம் பறிக்கவும், முதுகில் பெட்டி சுமந்து ரோட்டுக்கு ஏற்றவும் நேபாளத்திலிருந்து கூலிகள் வருகிறார்கள். மண்டியில் விலை விழுந்தால் முதலில் இழுபடுவது அவர்கள் கூலி. ஆகவே பழத்துக்கு நியாய விலை கேட்பவர்கள் கூலிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதை ஹிமாசலத்து விவசாயிகளிடமே நாம் சொல்லுவோம்.

செலவைக் கணக்கிட்டு அதற்கு மேல் சட்டப்படி ஒரு விலை. விவசாயிகளின் கூட்டுறவுக் கையில் குளிர்பதனக் கிடங்கு. மண்டிப் பணம் குறித்த நாளில் பட்டுவாடா. இவை மூன்றும் இருந்தால் ஆலங்கட்டி விழுந்த வருஷத்தையும் தாங்கலாம். கேட்காமல் இருக்கவில்லை அவர்கள். 1990 ஜூலையில் ஆதரவு விலை கேட்டுக் கோட்கட்டில் திரண்டபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிர் விட்டனர். 2022 ஆகஸ்ட் 5-ந் தேதி சிம்லாவில் ஆயிரக்கணக்கில் தலைமைச் செயலகத்தை நோக்கி நடந்தனர். அன்று அட்டைப் பெட்டி மீது 18 சதவிகிதம் வரி. அது 2024-ல் 12 ஆகி, 2025 செப்டம்பரில் 5 ஆயிற்று. பெட்டிக்குள் இருக்கும் பழத்தின் விலைக்காக இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.