வேலைக்கு மனு எழுதும் ஏஐ: திறமைசாலிக்கே ஆப்பு!

திருப்பூர்: வேலைக்கு மனு போடணுமா? இங்கிலீஷ் தெரிந்த ஆளைத் தேடி அலைந்த காலம் மலையேறிவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, செல்போனில் நாலு வரி தட்டினால் போதும், கவரிங் லெட்டர் ரெடி!

தமிழ் மீடியத்தில் படித்து, ஆங்கிலக் கடிதம் என்றாலே உதறல் எடுக்கும் இளைஞர்களுக்கு இது பெரிய உதவிதான்.

ஆனால் சிக்கலும் இங்கேதான். எல்லார் கடிதமும் பளபளவென்று இருந்தால், நிஜமாகவே மெனக்கெட்டவர் யார் என்று முதலாளிக்கு எப்படித் தெரியும்?

ஃப்ரீலான்சர் இணையதளத்துக்கு வந்த வேலை மனுக்களை அலசி, அமெரிக்க ஆய்வாளர்கள் 2 பேர் 2025ல் ஒரு கணக்கை வெளியிட்டனர். கடிதத்தை வைத்து ஆளை எடைபோட முடியாமல் போனால், திறமையில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு வேலை கிடைப்பது 19 சதவீதம் குறையுமாம். கடைசி வரிசைக்காரர்களுக்கு 14 சதவீதம் கூடுமாம்!

பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர் வேலையையே எடுத்துக்கொள்வோம். மனு போடுபவர் எங்கே பயிற்சி எடுத்தார், சாம்பிள், காஸ்டிங் எவ்வளவு தெரியும் என்பது ஏஐக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் இல்லாத அனுபவத்தையும் அதுவே அடித்துவிடும். இன்டர்வியூவில் திருதிருவென முழிக்கப் போவது மனு போட்டவர்தான்.

எனவே, விஷயத்தைத் தமிழிலாவது முதலில் சொந்தமாக எழுதணும். இங்கிலீஷை மட்டும் ஏஐயிடம் விடலாம். அனுப்பும் முன், ஒவ்வொரு வரிக்கும் நேரில் பதில் சொல்ல முடியுமா என்று ஒருதடவை படித்துப் பார்ப்பது நல்லது.