டிராவிலும் ரகம் உண்டு

2018இல் லண்டனில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காக கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. கடைசி ஆட்டத்தில் தன் கை ஓங்கியிருந்தபோதே கார்ல்சன் டிரா கேட்டார். விரைவு ஆட்டங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அது பலித்தது, 3-0. இருந்தாலும் நல்ல டிரா பார்க்க வேண்டுமென்றால் நான் கிளப் ஆட்டக்காரர்களின் கடைசி மேசைக்குத்தான் போவேன். அங்கே ஒருவரிடம் யானையும் சிப்பாயும், எதிராளியிடம் யானை மட்டும். தப்பிக்கும் வழியை 18ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்க மேதை பிலிடோர் காட்டிவிட்டார்: ராஜாவைச் சிப்பாயின் பாதையில் நிறுத்த வேண்டும், யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைத்துக் காக்க வேண்டும், சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையை மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒதுங்க இடமின்றி எதிர் ராஜா திண்டாடும். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்க, இதைப் படித்தே இராத ஒருவர் வியர்த்து விறுவிறுத்துத் தானாகக் கண்டுபிடிப்பதைப் பார்க்க வேண்டுமே! (அப்போதும் பலர் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்த்தல் கடந்தால் டிரா கோரலாம் என்பதை மறந்துவிடுவார்கள், நடுவர் தாமாகத் தலையிட 75 ஆக வேண்டும்.) அந்த அரைப் புள்ளியும், பத்து நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவரின் அரைப் புள்ளியும் பட்டியலில் ஒன்றாகவே நிற்பது எனக்குச் சம்மதமில்லை. குறிப்பிட்ட நகர்த்தல்களுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று போட்டி நடத்துவோர் நிபந்தனை வைக்க உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே இடம் தருகிறது. சின்னப் போட்டிகளிலும் அதை வைக்கட்டுமே.