தாலி கட்டும் நேரத்தில் படம் உடைகிறதா?

இடம் மிச்சம் என்று கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து வீடியோக்களைச் சுருக்கி ஒரே டிவிடியில் அடைத்து வைத்திருக்கிறீர்களா? டிவிடி பிளேயரில் போட்டதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், பிளேயரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

4.7 ஜிபி டிவிடியில் 2 மணி நேர வீடியோ ஒன்று மட்டும் இருந்தால், ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். அதில் 6 வீடியோக்களை அடைத்தால் 1 மெகாபிட்கூடத் தேறாது. மணமக்கள் அசையாமல் நிற்கும்வரை குறை தெரியாது. அட்சதை பறக்கும்போது திரை முழுக்க அசைவு. அந்தக் கொஞ்ச இடத்தில் அத்தனையும் அடங்காது. பெரிய டிவியில் இன்னும் பளிச்சென்று தெரியும்.

படம் உடையாமல் திக்கித் திக்கி ஓடினால், அல்லது ஓடவே மறுத்தால், விஷயம் வேறு. டிவ்எக்ஸ் காலத்துப் பழைய பிளேயர்களில் பலவற்றுக்கு இன்றைய ஹெச்.264 வீடியோ புரியாது. வேறு பிளேயரில் அதே ஃபைல் நன்றாகவே ஓடலாம்.

சுருக்கும்போது போன நுணுக்கம் மறுபடி மாற்றினாலும் திரும்பாது. ஸ்டுடியோ கொடுத்த ஒரிஜினல் டிவிடி பீரோவில் இருந்தால், அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். கீறல் விழுவதற்குள்!