எச்சரிக்கை விளக்கும் விடைத்தாள் கட்டுகளும்

2024-ஆம் ஆண்டு மே மாதம், அக்கினி நட்சத்திரத்தின் நடுவே ஒரு பிற்பகல். சிதம்பரத்தில் கல்லூரி வேலையை முடித்துக்கொண்டு கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மூட்டுவலிக்காகச் சிதம்பரத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அம்மா முன்னிருக்கையில். பின்னிருக்கை முழுக்கத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள். புதுச்சத்திரம் கடந்து ஆலப்பாக்கத்தை நெருங்கும்போது முகப்பில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. கூடவே ஹைப்ரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லும் ஓர் ஆங்கில வாசகம். வண்டி நிற்கவில்லை; ஆனால் வயதானவர் படியேறுவதுபோல மூச்சு வாங்கியது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒருவழியாக மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்தோம்.

வண்டியின் பெயர் இங்கே தேவையில்லை. பெங்களூரிலிருந்து வெளிநாடு போன மைத்துனர் 2019-இல் என் தலையில் கட்டிவிட்டுப் போன 2013-ஆம் வருட ஹைப்ரிட் கார் அது. தமிழாசிரியனுக்கு இது தகுதிக்கு மீறிய வாகனம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து ஆண்டுகள் பெட்ரோலை மிச்சப்படுத்தித் தந்தது. பிறகு இந்த முக்கோணம்.

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். ஸ்கேனரைச் செருகினார்கள். இருபது நிமிடத்தில் ஒரு தாள் வந்தது. அதில் ஒரு குறியீட்டு எண். அதன் எதிரே 'மின்கலத் தொகுப்பை மாற்றவும்' என்ற பொருள்படும் ஆங்கில வரி. அதன் கீழே இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். வண்டியை விற்றாலே மூன்று லட்சம்தான் தேறும். "எந்தச் செல் கெட்டிருக்கிறது, எவ்வளவு கெட்டிருக்கிறது?" என்று கேட்டேன். "அதையெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை சார், முழுதாக மாற்றுவதுதான் முறை" என்றார் அங்கிருந்த இளைஞர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அறிகுறியைச் சொல்லும் ஒரு குறியீடு எப்படித் தீர்ப்பாக மாறுகிறது? நோய், நோயின் காரணம், தணிக்கும் வழி என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வரிசைப்படுத்தியதை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துகிறேன். நடுவில் இருக்கும் படியைத் தாண்டிக் குதிக்கும் மருத்துவத்துக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கொடுக்க மனம் வரவில்லை.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஹைப்ரிட் கார்களின் முன்னோடி டொயோட்டா பிரியஸ். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு 2010-இல் வந்தபோது விலை கேட்டு ஓடியவர்களே அதிகம். அதன் இரண்டாம் தலைமுறைக் காரில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைச் செல்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். ஆறு செல்கள் சேர்ந்தது ஒரு மாட்யூல், 7.2 வோல்ட். இப்படி 28 மாட்யூல்களைச் சங்கிலியாகக் கோத்தால் 201.6 வோல்ட். காரின் கணினி இரண்டிரண்டு மாட்யூல்களாகச் சேர்த்து, பதினான்கு தொகுதிகளின் மின்னழுத்தத்தை ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஏதோ ஒன்று மற்றவற்றைவிட மிகவும் விலகிப்போனால் முக்கோணத்தை ஏற்றிவிடும். என் வண்டியிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்; எண்ணிக்கை மட்டும் வேறு.

ஆக, கணினி சொல்வது 'இங்கே சமநிலை குலைந்திருக்கிறது' என்பது மட்டுமே. சங்கிலியில் ஒரு கண்ணி இற்றதா, கண்ணிகளை இணைக்கும் கம்பி இற்றதா, அளந்து சொல்லும் வயர் இற்றதா என்பதை அது சொல்வதில்லை. அதை மனிதன்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தவர் கடலூர் முதுநகரில் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர். தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது வியாதியோட பேரு. காரணம் இல்ல. காரணத்த நாமதான் தேடணும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் திருக்குறள் படித்தவர் அல்லர். பத்தாம் வகுப்பைத் தாண்டியவரும் அல்லர்.

அவர் தேடிய வரிசையை நான் அருகிலிருந்து கவனித்தேன். முதலில் சோதித்தது பெரிய மின்கலத்தை அன்று. எல்லாக் கார்களிலும் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியைத்தான். ஹைப்ரிட் காரின் கணினிகளை எழுப்புவது இதுதான். இது சோர்ந்துபோனால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகளெல்லாம் முகப்பில் வரிசை கட்டும். பெரிய மின்கலத்தின்மீது வீண்பழி விழும். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். என்னுடையது சரியாகவே இருந்தது.

அடுத்து, பின்னிருக்கை ஓரத்தில் இருந்த ஒரு சிறு சல்லடைக் கதவைக் காட்டினார். மின்கலத்தைக் குளிர்விக்க உள்ளே இருக்கும் ஃபேன் அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. கழற்றினால் உள்ளே கம்பளிபோலத் தூசி. நெல் உமியும் தூசும் கலந்த அடை. சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் நெல் காயும். கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வாசனையை அனுபவித்தபடி ஓட்டுகிறவன் நான். அந்த இன்பத்துக்கான வாடகையை மின்கலம் கொடுத்திருக்கிறது.

தூசியைக்கூட மன்னிக்கலாம். "இந்த ஓட்டைய அடைச்சா மாதிரி என்னமோ வெச்சுருந்தீங்களா சார்?" என்று கேட்டார். வைத்திருந்தேன். விடைத்தாள் கட்டுகள். ஐந்து ஆண்டுகளாக, ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும், வாரக்கணக்கில். வெப்பம்தான் இவ்வகை மின்கலங்களின் முதல் எதிரி. நாற்பது டிகிரி வெயிலில் அதன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டியவன் நானே. பாடப் புத்தகத்தைப் புரட்டாமல் தேர்வு எழுத வந்தவர்களின் தாள்களைக் கொண்டு, கையேட்டைப் புரட்டாத ஆசிரியன் தன் வண்டிக்கு மூச்சடைப்பை உண்டாக்கியிருக்கிறான்.

மூன்றாவது, இணைப்புகள். இந்த வேலைக்கு முன் அவர் காட்டிய எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, அதைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் வண்டியைத் தொடவில்லை. இன்வெர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். பிறகு ஆயிரம் வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை. ஆரஞ்சு நிற வயர் எதையும் வெறுங்கையால் தொடவே இல்லை. பிளக்கை உருவிய பிறகும் தொகுப்புக்குள் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும். இருநூறு வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் திருப்புளியோடு பின்னிருக்கையைக் கழற்றக் கிளம்பிவிட வேண்டாம்.

மூடியைத் திறந்தால் மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. கடற்கரை ஊரின் உப்புக்காற்று எங்கள் ஜன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை, செம்பை விடுமா? களிம்பு ஏறினால் மின்தடை கூடும். நல்ல மாட்யூல்கூடக் கெட்டதுபோலக் கணினிக்குத் தெரியும். "குத்துவிளக்கப் புளி போட்டுத் தேய்க்கிறோம்ல, அந்த மாதிரிதான்" என்று சொல்லி, ஒவ்வொரு தகடாகக் கழற்றிச் சுத்தம் செய்து உலர்த்தினார். திரும்பப் பூட்டும்போது திருகும் விசையை அளந்து திருகினார். அதிகம் முறுக்கினால் முனை உடைந்துவிடுமாம்.

கடைசியாகத்தான் மாட்யூல்களைத் தனித்தனியே சோதித்தார். சும்மா இருக்கும்போது எல்லாமே ஒரே அளவைக் காட்டின. ஒரு ஹெட்லைட் பல்பை ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் எரியவிட்டு மீட்டரைப் பார்த்தார். இரண்டு மாட்யூல்கள் மட்டும் சரசரவென்று இறங்கின. "லோடு போட்டா உக்காந்துடுது பாருங்க சார்" என்றார். அந்த இரண்டையும் மாற்றி, மற்றவற்றோடு சமநிலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மொத்தச் செலவு முப்பத்தோராயிரம்.

கதை இங்கே முடிந்திருந்தால் 'பெரிய நிறுவனம் ஏமாற்றும், எளிய மனிதன் காப்பாற்றுவான்' என்ற நம் சினிமா நீதியோடு நானும் முடித்திருப்பேன். உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. பதினோரு மாதம் கழித்து இன்னொரு மாட்யூல் உட்கார்ந்துவிட்டது. ஒரே வயதுடைய, ஒரே வெயிலில் வெந்த கூட்டத்தில் இரண்டு பேர் விழுந்தால் மற்றவர்களும் வரிசையில்தான் நிற்கிறார்கள். இதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார் என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும். "ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வாங்கித் தரேன், உத்தரவாதம் கேக்காதீங்க" என்பதே அவர் சொன்னது. ஆகவே, முழுதாக மாற்றச் சொன்ன சர்வீஸ் சென்டரின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என் வருத்தம் அந்த முடிவின்மேல் இல்லை. முடிவுக்கு வந்த வழியை எனக்குக் காட்டவில்லையே என்பதுதான். அளவுகளைக் காட்டி, இரண்டு வழிகளையும் சொல்லி, தேர்வை என்னிடம் விட்டிருக்கலாம். பட்டறைக்காரர் அதைச் செய்தார்.

அவர் இதை எங்கே கற்றார்? இலங்கைக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து என்றார். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய ஹைப்ரிட் கார்கள் இலங்கைச் சாலைகளில் ஏராளம். 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் இருக்கிற வண்டியை ஓடவைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. நெருக்கடி அவர்களுக்குப் பழுதுபார்க்கும் கலையைக் கற்பித்தது. அந்தக் கலை யாழ்ப்பாணத் தமிழில் கடல் தாண்டிக் கடலூர் முதுநகருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலம் அது. சிதம்பரத்தில் 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம். தஞ்சையில் தமிழுக்கென்றே 1981 முதல் இன்னொன்று. மணவை முஸ்தபா போன்றவர்கள் தம் வாழ்நாளையே அறிவியல் கலைச்சொல்லாக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும், ஒரு ஹைப்ரிட் மின்கலத்தை எந்த வரிசையில் சோதிப்பது, எப்போது தொடக்கூடாது என்று தமிழில் அச்சிட்ட ஒரு மெல்லிய கையேட்டை அந்தப் பட்டறையில் நான் பார்க்கவில்லை. 'மின்னழுத்த வீழ்ச்சி' என்று நாம் அகராதியில் எழுதிவைத்திருப்பதை அவர் 'உக்காந்துடுது' என்கிறார். இரண்டில் எது சிறந்த தமிழ் என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. அவை இரண்டும் சந்திக்கவே இல்லை என்பதுதான் என் கவலை. கலைச்சொல் ஆக்குபவர் பட்டறைக்குப் போவதில்லை. பட்டறைக்காரருக்கு நம் அகராதி இருப்பது தெரியாது.

இது என் ஒரு வண்டியோடு போகிற விஷயமும் அன்று. 2022-இல் டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் முழு ஹைப்ரிட் கார்களை நம் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுகிற விலையில் கொண்டுவந்தன. அன்று வாங்கிய வண்டிகள் 2030 வாக்கில் முதுமையை நெருங்கும். அப்போது கடலூர், விருத்தாசலம், சீர்காழி போன்ற ஊர்களில் அவற்றைப் பார்க்க யார் இருப்பார்கள்? பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு தளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் உண்டு. அதே ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைத் திரட்டிப் புதுப்பிக்கவோ மறுசுழற்சி செய்யவோ வேண்டிய பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. காகிதத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

நான் கேட்பது சிறிய விஷயங்களைத்தான். மின்கலத்தை மாற்றச் சொல்லும் எவரும், ஒவ்வொரு தொகுதியின் அளவையும் எழுதி வாடிக்கையாளர் கையில் தரட்டும்; இரத்தப் பரிசோதனை முடிவை நோயாளியிடம் தருவதுபோல. அரசு ஐ.டி.ஐ.களில் இந்தப் பாடம் தமிழில் நடக்கட்டும். அதை எழுதும் மேசையில் ஒரு பொறியாளர், ஒரு பட்டறைக்காரர், ஒரு தமிழாசிரியர் மூவரும் உட்காரட்டும். மூன்றாம் நாற்காலிக்கு நான் வரத் தயார், ஊதியம் வேண்டாம்.

வண்டி இப்போதைக்கு ஓடுகிறது. அடுத்த மாட்யூல் உட்காரும்போது புதுத் தொகுப்பா, வண்டியையே விடுவதா என்று முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். முடிவு செய்யத் தேவையான அளவுகள் இப்போது என் கையில் ஒரு நோட்டில் இருக்கின்றன. விடைத்தாள் கட்டுகள் டிக்கிக்கு இடம் மாறிவிட்டன. பின்னிருக்கையில் யார் பையை வைத்தாலும் "ஃபேனை அடைக்காதே" என்று அம்மா அதட்டுகிறார். அவரும் கையேட்டைப் படித்ததில்லை. பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.